நான் வாய் திறக்காத சனிக்கிழமை

என் மகன் காசுக்கு அடிபடுகிறவன். இப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "அம்மா, நான் டிபென்ஸ்" என்பான். ஐஸ் ஹொக்கியில் டிபென்ஸ் என்றால் தங்கள் கோலுக்கு முன்னால் நின்று, பந்தைக் கொண்டு வருகிறவனை மறிக்கிற வேலை. பந்து என்று சொன்னாலும் கோபம் வரும், அது தட்டையான கறுப்பு வில்லை. மறிப்பதோடு முடிவதில்லை. எதிர் அணிக்காரன் முறைத்தால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேருக்கு நேர் குத்தவும் வேண்டும். நடுவர்மார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் பிரிப்பார்கள். அணிக்கு ஒரு முரடன் தேவை, எங்கள் அணிக்கு அவன் என் வயிற்றில் வந்து பிறந்தான்.

லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் சனத்தின் பிள்ளைகள் பல் டொக்டருக்குப் படிக்கப் போனபோது என்னுடையவன் பல்லை உடைக்கப் போனான். கோயிலில் யாராவது விசாரித்தால் என் கணவர் "ஸ்போர்ட்ஸில நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு விபூதித் தட்டைத் தேடிப் போய்விடுவார். ஒரு ஆட்டத்துக்கும் அவர் வந்ததில்லை.

நான் போனேன். முதல் தடவை சால்வையால் முகத்தை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அப்போது ஒருவன் என் மகனை எனக்கு முன்னாலிருந்த கண்ணாடித் தடுப்போடு சேர்த்து இடித்தான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆடின. எழுந்து நின்று, "விடாதை, குடு அவனுக்கு" என்று கத்தினேன். அவன் கொடுத்தான்.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் எனக்குத் திருவிழாதான். கிழமை முழுக்கப் பாடசாலைச் சமையலறையில் 'சொறி, சொறி' என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டபடி நடக்கிறவள், அங்கே போனால் "எலும்பை முறிச்சு விடடா" என்று தொண்டை கிழியக் கத்துவேன். தமிழ் ஒருவருக்கும் விளங்காது என்ற துணிவு. பக்கத்தில் வழக்கமாக இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒரு நாள், இது உங்கள் பிரார்த்தனையா என்று கேட்டார். ஆம் என்றேன். சந்தோஷமாக இருந்தது. நான் வாழ்க்கையில் திருப்பிக் கொடுக்காத அடிகளையெல்லாம் அவன் கொடுப்பதுபோல் இருந்தது. இப்போது அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

போன மாரிக் குளிரில் அவன் சமையலறை லைட்டைப் போட விடாமல் இருட்டில் இருக்கத் தொடங்கினான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். தலையில் விழுந்த குத்துகளின் வேலை. அணியின் டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார், பிறகு விளையாடலாம் என்று விட்டுவிட்டார்.

"காணும் ராசா, போதும், இனியும் ஏன் சண்டைக்குப் போறாய்? அதில உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "ஆசையோ? எனக்குச் சண்டையெண்டால் பயம் அம்மா. நீங்கள் கத்துறது கேக்கும். அங்கை தமிழ் எனக்கு மட்டும்தானே விளங்கும். அம்மா சொல்லுறா எண்டுதான் குடுக்கிறனான்."

செல்லமாகத்தான் சொன்னான். இத்தனை வருடம் என் பிள்ளையை அடிக்கவும் அடிவாங்கவும் ஏவிவிட்டவள் நான்தான். விளையாட்டையே விடச் சொன்னேன். வேறு வேலை தெரியாதே, இந்த சீசன் முடியட்டும் என்றான். சண்டைக்காவது போகாதே என்று கெஞ்சினேன். "சரி, போகேல்லை" என்றான்.

அடுத்த சனிக்கிழமை வீட்டில் இருக்கவும் மனம் வரவில்லை. போனேன். என்ன நடந்தாலும் வாய் திறப்பதில்லை என்று சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம், மலைபோல ஒருவன் வந்து என் மகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். இழுபறியில் தலைக்கவசம் கழன்று போனது. என் மகன் கை ஓங்கவில்லை. எனக்குச் சொன்னபடியே, அவனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான். பிறகு தலையைத் திருப்பி நான் இருக்கும் பக்கம் பார்த்தான். என்னை அல்ல, என் குரலைத் தேடினான். 'விட்டிட்டு வா' என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பான். நான் சொல்லி எதைச் செய்யாமல் விட்டான்? எடுத்துக்கொண்ட சபதம் பெரிதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். குத்து காதடியில் விழுந்தது. அவன் பின்பக்கமாகச் சரிந்து, தலை பனிக்கட்டித் தரையில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தவன் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.

"இண்டைக்கு நீங்கள் வரேல்லையோ அம்மா? தேடினனான்" என்றான்.

"ஓம் ராசா, வரேல்லை" என்றேன்.