சக்கரவர்த்தி தந்த லீவு

அந்த யோசனை எனக்கு உதித்தது பாரிஸ் மெற்றோவில், மார்க்ஸ் டோர்மோய் நிலையம் வருவதற்குச் சற்று முன்னால். பதினொரு வயது, மடியில் வரலாற்றுப் புத்தகம். ஜெர்மன் பேரரசு பிரான்சிடமிருந்து அல்சாஸைப் பிடித்துத் தன் எல்லை மாகாணமாக்கி, ஆளுநரை அனுப்பி ஆண்டதாம். பிறகு போரில் தோற்றுத் திருப்பிக் கொடுத்ததாம். சக்கரவர்த்தி போய்விட்டார், அவர் காலத்துச் சட்டங்களில் சில போகவில்லை. நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறாம் திகதி, அங்கே இன்றைக்கும் விடுமுறை!

எங்கள் வீட்டிலேயே ஓர் அல்சாஸ்காரர் இருந்தார். மாமா. வன்னியிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வந்து, அங்கே 'கார்த்' என்கிற வதிவிட அட்டை எடுத்து, பிறகு பாரிசுக்கு வந்து எங்கள் சோபாவைத் தன் எல்லை மாகாணமாக்கிக்கொண்டவர். ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. என்னைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போவதாக அவர் சொல்லி மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது. லீவுதான் கிடைக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை: ஆள் எங்கே போனாலும், அட்டை தந்த ஊர்தான் அவன் ஊர்.

"உங்கடை கார்த் ஸ்ட்ராஸ்பூர்க்கிலை தந்ததுதானே மாமா? அப்ப உங்களுக்கு அந்தச் சட்டம்தான்."

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். "ஓம், ஆட்சி போனாலும் சட்டம் நிக்கும்தான்," என்று அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மறுநாள் வாழைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே, புத்தகத்தோடு நான் அவருடைய சட்டத்தரணியாக நின்றேன்.

"அண்ணை, இருபத்தாறாம் திகதி எனக்கு லீவு. ஜெர்மன் சக்கரவர்த்தி தந்தது," என்றார் மாமா.

முதலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தாள் இப்ப எங்கை தம்பி?"

"செத்துக் கனகாலம் அண்ணை."

"அப்ப அவருக்கு லீவு. உனக்கு முருங்கைக்காய் இறக்கிற வேலை."

புத்தகத்தை நீட்டினேன். அவர் பொறுமையாக வாசித்துவிட்டு, "பிள்ளை, இது அங்கை வேலை செய்யிற ஆக்களுக்கு. இஞ்சை இல்லை," என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கினார் போலும். "சரி, சக்கரவர்த்திக்காக அரை மணித்தியாலம் முந்திப் போ."

"அரை மணித்தியாலம் எனக்குப் பழக்கம்தானே அண்ணை," என்றார் மாமா. இரண்டு பேரும் முருங்கைக்காய் விழ விழச் சிரித்தார்கள். நான் கோபத்தில் புத்தகத்தை மூடினேன். அந்த இருபத்தாறாம் திகதி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனிச்சறுக்கு மைதானத்தின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு விளங்க எனக்குப் பல்கலைக்கழகம் வரை போகவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் கொழும்பு அரசு மாற்றிய நேரத்தை வன்னியை ஆண்ட இயக்கம் ஏற்காததால், வன்னியின் கடிகாரங்கள் கொழும்பு நேரத்துக்கு அரை மணித்தியாலம் பின்னால் ஓடினவாம். சோதனைச் சாவடியைத் தாண்டுகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் திருத்திக்கொள்வார்களாம். இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவில் வாழ்ந்த ஒருவருக்குத்தான் நான் எல்லை மாகாணம் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன்!

இந்த நத்தாருக்கு மாமாவை ஸ்ட்ராஸ்பூர்க் கூட்டிப்போகப் போகிறேன். ரயிலில் நான் வாயே திறக்கமாட்டேன். அவர் தன் மாகாணத்தின் கதையைச் சொல்லவேண்டும். மறுநாள் பனிச்சறுக்கு. மாமாவின் முதலாளியிடம் லீவு மட்டும் இன்னும் கேட்கவில்லை. நாளைக்குப் போகிறேன், புத்தகம் இல்லாமல்.