அப்பாவின் மாத்திரைக்கும் பத்து நாள் லீவு

என் அப்பா கன்னையனுக்கு எங்கேயும் கெட்ட பெயர் கிடையாது. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், கம்பெனியில் சூப்பர்வைசர் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டாலும் திருப்பி ஒரு வார்த்தை பேச மாட்டார். திருப்பூர் நல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் பதினெட்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறார். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் திரும்புவார். மீசை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட நல்ல மனிதரை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம், எனக்கு எரிச்சல்தான் வரும்.

போன சித்திரையில் இருமல் ஆரம்பித்தது. "பஞ்சு கண்ணு. கம்பெனியில எல்லாருந்தான் இருமறாங்க" என்பார். வெல்லக் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார், அது பஞ்சை உள்ளே தள்ளிவிடுமாம். ஆடிக்குள் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பனியனில் நூல் பிசிர் வெட்டும் வேலைக்குப் போகும் என் அம்மா செல்லாத்தாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஞ்சு இல்லை, டி.பி.

ஆறு மாதம் மாத்திரை, எல்லாம் இலவசம். அந்தோணிராஜ் என்ற சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து அட்டையைக் காட்டி விளக்கினார். மாத்திரையைப் பிதுக்கினால் அதன் பின்னால் ஒரு போன் நம்பர் தெரியும். ஒவ்வொரு நாளும் வேறு நம்பர். மாத்திரையை விழுங்கிவிட்டு அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த நாள் பச்சையாகிவிடும். கால் வராவிட்டால் ஆள் தேடி வருவார்கள்.

"யாரு நம்பருங்க எழுதறது?" என்றார் அந்தோணிராஜ்.

"பாப்பா நம்பர எழுதிக்கோங்க. காலேஜ்ல படிக்குது. அது பாத்துக்கும்" என்றார் அப்பா. எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! அந்தப் பாப்பா நான்தான், பிரிசில்லா. பி.எஸ்சி. இரண்டாம் வருடம்.

எங்களுடையது லைன் வீடு. எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும். அப்பா ஒவ்வொரு முறையும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். அந்தோணிராஜ் யாரென்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எல்.ஐ.சி. ஏஜென்டுங்க" என்று சொல்லிவைத்தார். ஏதோ கொலைக் குற்றம் செய்தவர் மாதிரி ஒளிந்து ஒளிந்து தன் நோயைக் குணப்படுத்திக்கொண்டார் மனிதர். ஆனால் மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகத்தில் சதை வைத்தது.

அந்தச் சமயத்தில்தான் காந்தி ஜெயந்திக்குக் கல்லூரியில் 'நலமான தேசம்' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நான் விட்டு விளாசினேன். பாதியில் மருந்தை நிறுத்துகிறவர்கள் தங்களுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கே எதிரிகள் என்று எழுதினேன். முதல் பரிசு. மேடையில் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன், கைதட்டினார்கள். மூன்று வாரம் கழித்து நான் செய்ததை நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணன் பிறந்தபோது நாங்கள் மாரியம்மனைக் கும்பிட்டோம், அதனால் அவன் இளங்கோ. நான் பிறப்பதற்குள் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்துவிட்டோம், அதனால் நான் பிரிசில்லா. கல்லூரியில் பண்பாட்டு நாள் என்று எல்லோரையும் அவரவர் பண்பாட்டு உடையில் வரச் சொன்னபோது, எதைக் கட்டிக்கொண்டு போவதென்று எனக்குப் புரியவில்லை. கூடப் படிக்கும் நித்யஸ்ரீக்குத் தெரியும், அவள் வீட்டில் பரம்பரை நகை இருக்கிறது. எங்கள் பரம்பரை அவள் பரம்பரையின் காட்டில் களை வெட்டியது. களைக்கொத்தையா எடுத்துக்கொண்டு போவது? உடம்பு சரியில்லை என்று அன்று கல்லூரிக்கே போகவில்லை. பண்பாடு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்களுக்குப் பண்டிகை கிறிஸ்துமஸ், ஆனால் விடுமுறை தீபாவளி. கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் லீவு கேட்டாலே கம்பெனியில் முறைப்பார்கள். தீபாவளிக்கு மட்டும் திருப்பூர் முழுவதும் போனஸ் கொடுத்து, மெஷினை நிறுத்தி, பத்து நாள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடும். சாமி எதுவானாலும் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்பது அந்தப் பத்து நாள்தான்.

போன தீபாவளிக்கு அமராவதி நகர் பக்கம் இருக்கும் மாமா குருசாமி வீட்டுக்குப் போவதாக முடிவானது. அம்மாவின் அண்ணன் அவர். இளங்கோவுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார். தரணி என்று பெயர், நல்ல குடும்பம். அண்ணனுக்கு முப்பது தாண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

கம்பெனி பூட்டிய அன்று மத்தியானம் அம்மா பலகாரம் வாங்கப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அங்க போயி நா மாத்திர போடலே. மச்சான் ஊட்டுல ஒண்ணுக்குப் போனாலே கண்டுபுடிச்சிருவாங்க. பொண்ணூட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா இளங்கோ கதி என்னாகறது?"

"நடுவுல நிறுத்தக் கூடாதுங்கப்பா."

"நிறுத்தறதுன்னு யாரு சொன்னா? லீவு. கம்பெனி பத்து நாளு லீவு உடுதே, மெஷினு கெட்டா போகுது? வந்து சுச்சுப் போட்டா ஓடுது. ஒடம்பும் அப்பிடித்தான்."

"போன் வரலீன்னா அந்தோணி அண்ணன் மாமா ஊருக்கே ஆள் அனுப்பிருவாருங்கப்பா."

"அதுக்குத்தான் நீ இருக்கறயே" என்று சிரித்தார்.

பதினெட்டு வருடம் மெஷினோடு வாழ்ந்தவருக்கு உடம்பும் மெஷின்தான். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. பாக்டீரியாவைப் பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதிய எனக்கு எங்கே போயிற்று புத்தி?

உடுமலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஆனாலும் அந்தப் பத்து நாளைப் போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அணைக்கட்டில் நாலு பேரும் பொரித்த மீன் தின்றோம். முதலைப் பண்ணையில் அசையாமல் கிடந்த முதலையைப் பார்த்து அப்பா, "இதுக்கு வருசம் பூரா தீவாளி லீவுதான்" என்றார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாத்திரை இல்லாததால் குமட்டல் இல்லை. அப்பா மூக்கு முட்டச் சாப்பிட்டார். தரணியைப் பெண் பார்க்கப் போனோம், அவள் வீட்டுக்காரர்களுக்கு எங்களைப் பிடித்துவிட்டது.

தினமும் காலையில் நான் மட்டும் மாமாவின் தென்னந்தோப்புக்குப் போவேன். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவேன். பின்னால் தெரியும் நம்பருக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்வேன். மாத்திரையைச் செருப்புக் காலால் மண்ணுக்குள் மிதித்துவிட்டு வருவேன். முதல் நாள் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டேன். நாலாம் நாள் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன்.

லீவு முடிந்தது. கம்பெனி திறந்தது. அப்பா சுவிட்சைப் போடவில்லை.

"இப்பத்தான் ஒடம்பு நல்லாருக்குது கண்ணு. அந்தக் கருமத்தப் போட்டா சோறே எறங்காது. கல்யாணம் முடியட்டும். அது வரைக்கும் நீயே போனப் போட்டுரு."

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை என் பொறுப்பு என்று நம்பியிருந்த அம்மாவிடமாவது சொல்லியிருக்க வேண்டும், அவள் ஆடித் தீர்த்திருப்பாள். சொல்லவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் ஒரு காரணம். என்னிடம் எதுவும் கேட்டிராத அப்பா கேட்டுவிட்டாரே என்பது இன்னொரு காரணம். உண்மையான காரணம், அது சுலபமாக இருந்தது. ஒரு ரிங், அவ்வளவுதான். கார்த்திகை, மார்கழி, தை என்று நூறு நாள் பஸ்ஸிலிருந்தும் லேப் வாசலிலிருந்தும் ஒரு நாள் தவறாமல் போன் போட்டேன். அந்தோணிராஜ் புது அட்டை கொடுக்க வரும்போதெல்லாம், "உங்களை மாதிரிப் பொண்ணு எல்லா ஊட்டுலயும் இருக்கோணுமுங்க" என்பார். நானும் வெட்கப்படுவது போலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

தை மாதம் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்ற அப்பா அடிக்கடி துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினார். கேட்டவர்களிடம், "அலைச்சலுங்க" என்றார். தரணி அண்ணி எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தாள். ஒரு சேலையைத் தடுப்பாகக் கட்டி அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அப்பா இருமினால் சேலை அசையும்.

மாசியில் ஆறு மாதம் முடிந்ததென்று அந்தோணிராஜ் சளியைப் பரிசோதனைக்கு வாங்கிக்கொண்டு போனார். நாலு நாளில் முகம் செத்துப்போய் வந்தார். வீட்டில் இருக்கும் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். தரணி அண்ணி என்னவென்று கேட்டாள். அம்மா, "மாமாவுக்குச் சளிங்க கண்ணு" என்றாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டி.பி. கிருமி இன்னும் இருக்கு. குடுத்த மருந்துக்கு அது கட்டுப்படாமப் போயிருச்சு. ஆனா ரெக்கார்டுல எல்லா நாளும் பச்சை. நடுவுல விட்டீங்களா?"

"என் ஏரியாவுலயே இவரு மாதிரி ஒழுங்காப் போட்டவங்க இல்லீங்க மேடம்" என்றார் அந்தோணிராஜ். பாவம், சத்தியம் செய்வது போலச் சொன்னார்.

"ஒரு நாளுங்கூட உடலீங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பார்த்த பார்வை அது. பெற்ற வயிறு மட்டுந்தான் எரியுமா? எனக்கும் பற்றி எரிந்தது.

"அப்பா போடலீங்க. தீபாவளியிலிருந்து போடல. நான்தான் மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு போன் பண்ணினேன்" என்றேன்.

"பாப்பா பயத்துல ஒளறுதுங்க. ஏசு சத்தியமா நா போட்டனுங்க!" என்று அப்பா எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தோணிராஜ் கையிலிருந்த நோட்டை மூடினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி வேறு மருந்து என்றார் டாக்டர். முன்னதைவிட ரொம்பவும் படுத்துமாம். நுரையீரல் ஒரு பக்கம் நிறையப் போய்விட்டது, முழுசாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாதாம். பிறகு கூட இருக்கும் எல்லோருக்கும் சளி எடுக்கச் சொல்லி ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள்.

நானும் தரணி அண்ணியும் வராந்தாவை விட்டு இறங்கி மரத்தடிப் பக்கம் தள்ளி நின்றோம். கல்யாண மருதாணி அவள் நகத்தில் இன்னும் இருந்தது. ஒரு வாரமாக அவளும் லேசாக இருமிக்கொண்டுதான் இருந்தாள். நான் அதைக் கவனித்திருந்தேன், அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

"எங்கூட்டுக்கு நீங்கெல்லாம் வந்தப்பவே மாமாவுக்கு இது இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சுங்க."

"உங்குளுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தாள். கோபப்படவில்லை, அழவுமில்லை. சாதாரணமாகக் கேட்டாள்:

"எனக்கும் மாத்திர குடுத்தாங்கன்னா, எனக்கும் நீங்களே போன் போட்டுருவீங்களா?"