பனி வழிய வைத்த கண்ணாடி

என் மருமகன் வெலினுக்குப் பனி ஜென்மப் பகை. எங்கள் ரொடோப்பி மலையில் எல்லோரும் கூரையைச் சரிவாகத்தான் போடுவார்கள். இவன் கோழிக்கூடு, தேன்பெட்டி, தபால்பெட்டி எதையுமே மட்டமாக விடமாட்டான். என் மகள் ஸ்லாத்தினா விட்டிருந்தால் சாப்பாட்டு மேசையையும் சரித்திருப்பான். மற்றபடி தங்கமான மனிதன், நான் சொன்னால் தட்டமாட்டான்.

அவனுக்கு வேலை ஊருக்கு மேலே இருக்கிற சூரியக் கோபுரத்தில். சூரியனும் ஒரு நட்சத்திரம்தானாம். அதன் ஓரத்தில் நெருப்பு நாக்கு மாதிரி மேகம் எழும்புமாம். அதிலுள்ள ஹைட்ரஜன் விடுகிற சிவப்பு வெளிச்சம் எந்தப் பக்கமாக அதிர்கிறது என்று பார்த்தால், அங்கே காந்தம் எவ்வளவு என்று சொல்லிவிடலாமாம். வெலினுக்கு ஜூன் மாதம் ஒரு அதிர்வு கிடைத்தது. இதுவரை யாரும் பார்த்ததைப் போலப் பத்து மடங்கு! ப்ராக் நகரத்தில், சூரியனை ஆராய்கிறவர்கள் கூடும் கூட்டத்தில் பேச அழைத்துவிட்டார்கள். ஊரே ராக்கியா சாராயம் குடித்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு கோபுரத்துக்குப் போனேன். தலைமைக்காரி தோச்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒண்ணுமில்லாத இடத்தப் பாத்தியா, வெலின்?"

அவர்கள் வேலையில் அதுதான் முறையாம். சூரியனின் நட்டநடுவில், எதுவும் பொங்காத இடத்தில், வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக அதிர வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றது.

"அன்னிக்கு வானத்துல மேகம் மூடிடுச்சுக்கா."

"இப்ப எங்க மேகம்? பாரு."

பார்த்தான். அங்கேயும் அதே அதிர்வு.

"அப்போ அங்கயும் காந்தம் இருக்கு!" என்றான் சந்தோஷமாக.

தோச்கா மேசையடியில் துழாவினாள். ஒரு சாதாரண விளக்கைக் கொண்டுபோய்க் கோபுரத்தில் வெளிச்சம் நுழைகிற வாய்க்கு எதிரே பிடித்தாள். அதிலும் அதே அதிர்வு.

"இது சந்தையில வாங்கின விளக்கு. இதுக்கும் காந்தமா? வாழ்த்துக்கள்டா." பிறகு அந்த வாயை மூடியிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். "வாசல் கண்ணாடிய யாரு இப்படிச் சாய்ச்சு வெச்சது?"

நான் பனிட்சாவைப் பார்த்துக்கொண்டேன்.

"தூசிக்குப் போட்டேன். சாய்வா இருந்தாத்தானே பனி வழியும்?" என்றான் வெலின்.

"ஜூன் மாசத்துலயா?"

"குளிர்காலம் வராமயா போகும்?"

சாய்ந்த கண்ணாடி, வருகிற வெளிச்சத்தை ஒரு பக்கமாக வடிகட்டிவிடுமாம். கண்ணாடியைக் கழற்றினார்கள். நடுவில் அதிர்வு சமமாகிவிட்டது. விளக்கும் காந்தத்தை இழந்தது. நெருப்பு மேகத்தில் மட்டும் இத்தனூண்டு மிச்சம்.

வெலின் படியில் உட்கார்ந்துவிட்டான். "அத்தை, நான் ப்ராக் போகல. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அந்த மிச்சம் நெசமா, பொய்யா?"

"நெசந்தான். ஆனா ரொம்பச் சின்னது."

"ஸ்லாத்தினா பொறந்தப்ப அவளும் சின்னதாத்தான் இருந்தா. அதுக்காகத் திருப்பியா அனுப்பினேன்? பத்து மடங்குன்னு சொன்ன வாயாலேயே போய் இல்லேன்னு சொல்லிட்டு, மிச்சத்தச் சொல்லு."

"அத்தை, உங்களுக்குப் புரியாது..."

"புரிய வேணாம். பெட்டி கட்டியாச்சு."

போனான். மறுநாள் சாயங்காலம் தொலைபேசியில் அழைத்தான். ஸ்லாத்தினா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"சொன்னியா?"

"முதல்ல கண்ணாடி கதையத்தான் சொன்னேன். ஒரே சிரிப்பு அத்தை. ஒருத்தருக்குப் புரையே ஏறிடுச்சு. அப்புறம் பாதிப் பேச்சுல நாலஞ்சு பேரு எழுந்து வெளிய போயிட்டாங்க."

"கோவமாடா?"

"இல்ல. அவங்கவங்க கோபுரத்துக்குப் போன் பண்ணப் போனாங்க. வாசல் கண்ணாடி நேரா இருக்கான்னு பாக்கச் சொல்றதுக்கு."