ஒரே உயரத்தில் மூன்று கொடிக்கம்பங்கள்

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எந்தச் சுவரைக் காட்டினாலும் அது இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று நான் சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். பஞ்சாலை மூடியபோது கொத்துக் கரண்டியைக் கையில் பிடித்தேன். இன்று இன்ஜினீயர் பிள்ளைகள் வரைபடத்தை என் முன்னால் விரித்து, "ஐயா, இது நிக்குமா?" என்று கேட்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. அப்படிப்பட்ட நான் போட்ட ஒரு மேடைதான் இப்போது என் பழைய சிநேகிதர் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது.

மில் ஓடிய காலத்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரு வீடு இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மாடி. பிறகு சங்கம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. வீட்டை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்கூடத்தில் மூன்று மேசை, மூன்று பத்திரிகை. டீ மட்டும் ஒரே தூக்கில் வரும்.

சாவி ஒரே ஆளிடம் இருந்தது. அவரை நாங்கள் பாய் என்போம். ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, அண்ணன்மார் கடையை உதறிவிட்டு எங்களோடு தறியில் நின்றவர். ஒரு கூட்டம் அவரை நீக்கியது. இன்னொரு கூட்டத்திலிருந்து அவரே விலகினார். மூன்றாவதில் அவர் சேரவே இல்லை. அதனாலேயே மூன்று கூட்டத்துக்கும் அவர்மேல் நம்பிக்கை. சம்சாரம் போனபின் பின்னறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

அவர்கள் சண்டை எனக்குப் புரிந்ததே பாயால்தான்.

"எல்லாரும் செவப்புதான பாய்? அப்புறம் என்னாத்துக்கு இந்தக் கூச்சல்?"

"நீ கொத்து வேலக்காரன். ஒனக்கு ஏத்த மாதிரியே சொல்றேன். ஏழை குடியிருக்கற வூடு சரியில்ல. அதுல மூணு பேருக்கும் சண்ட கெடையாது. ஒருத்தரு, ஓட்டு வாங்கி உள்ள போயி ஒவ்வொரு செவுரா மாத்தலாம்ங்கறாரு. இன்னொருத்தரு, அஸ்திவாரமே திருட்டு அஸ்திவாரம், மொத்தமா இடிச்சாத்தான் ஆச்சுங்கறாரு. மூணாவது ஆளு, அந்த வூட்டயே வுடுங்க, கூட்டுறவா சேந்து நாமளே பக்கத்துல ஒண்ணு கட்டிக்குவோம்ங்கறாரு."

"நீ என்னா சொல்ற?"

"இவங்க பேசி முடிக்கறதுக்குள்ள மழ வந்துருமேன்னு சொல்றேன்."

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. அன்றிலிருந்து அந்த மூன்று தலைவர்களுக்கும் என் மனதுக்குள் ஓட்டுக்காரர், இடிப்புக்காரர், கூட்டுறவுக்காரர் என்றே பெயர்.

போன பங்குனியில் தெருவில் வாய்க்கால் வெட்டினார்கள். வாசலில் இருந்த மூன்று கொடிக்கம்பங்களையும் பிடுங்க வேண்டியதாயிற்று. மே தினம் நெருங்கியது. கம்பங்களை மாடிக்கு ஏற்றலாம் என்று முடிவாயிற்று. அங்கேதான் வினை. ஒரு கம்பம் மற்றதைவிட ஒரு சாண் உயரம். சமத்துவம் பேசுகிறவர்கள் கொடியில் ஏற்றத்தாழ்வு பார்ப்பதா என்று மூன்று நாள் பேசினார்கள். கடைசியில் ஒரே கான்கிரீட் மேடை, ஒரே அளவு குழாய், ஒரே உயரம் என்று தீர்மானம் போட்டார்கள். யார் கட்டினாலும் மற்ற இருவருக்கும் சந்தேகம் வரும். எந்தக் கூட்டத்திலும் இல்லாத என்னிடம் வந்தார்கள்.

"அந்த மாடி ஆளைத் தாங்கும், கான்கிரீட்டைத் தாங்காது" என்று சொன்னேன். சொன்னேன் என்பது உண்மை. ஆனால் கூட்டுறவுக்காரர், "ஒன்ன வுட்டா பாண்டிச்சேரில வேற யாரு இருக்கா தோழரே?" என்றார். அந்தத் 'தோழரே'யில் உருகிவிட்டேன். இரண்டே நாளில் முடித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. மே தினத்தன்று மூன்று கொடியும் ஒரே உயரத்தில் பறந்தன. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

ஆடியில், மேடைக்கு நேர் கீழே இருந்த பின்னறைச் சுவரில் ஒரு கோடு தெரிந்தது, மயிரிழை மாதிரி. சுவர் விரிந்தால் நாங்கள் செய்வது ஒன்றுண்டு. பிளவின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டிவிடுவோம். கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் தூங்குகிறது. உடைந்தால் நடக்கிறது.

முதல் கண்ணாடி இருபது நாளில் உடைந்தது. இரண்டாவது எட்டே நாளில். உத்தரத்தின் நுனியைத் திருப்புளியால் குத்தினேன், மாவாகக் கொட்டியது. கரையான். அதற்கு நேர் கீழே பாயின் கட்டில்.

மூன்று தலைவர்களையும் தேடிப் போனேன். ஓட்டுக்காரர் கமிட்டியில் வைக்கிறேன் என்றார். இடிப்புக்காரர், இந்த அமைப்பில் எந்தக் கட்டடம்தான் ஆபத்தில்லை என்று கேட்டார். கூட்டுறவுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே கண் கலங்கினார். ஆனால் மூவரும் கடைசியாகச் சொன்னது ஒரே வாக்கியம்: "மத்தவங்க கம்பத்த எடுத்தா நாங்களும் எடுத்துடறோம்."

பாயிடம், "எங்க வூட்டுக்கு வா, மாடில ரூம் காலியா கெடக்குது" என்றேன்.

"நான் ராத்திரி இல்லன்னா, யாரு சாவிய வாங்கிக்கினாங்கன்னு காலைல மூணு சண்ட வரும். போய்யா."

ஐப்பசி பிறந்தது. இனி யாரைக் கேட்க வேண்டும்? நான் கட்டியது, நானே இடிக்கிறேன் என்று ஒரு காலையில் இரண்டு ஆள், சம்மட்டி, உளியோடு போனேன். மாடியில் முதல் அடி விழுந்ததும் அடியில் உத்தரம் முனகியது. அதற்குள் தெருவில் சத்தம். எட்டிப் பார்த்தேன். மூன்று தலைவர்களும் வாசலில், தோளோடு தோள்.

"தொழிலாளி எடத்துல மொதலாளி கை வெக்கறானா?" என்றார் இடிப்புக்காரர்.

"யாருய்யா மொதலாளி? இந்த மேடைய கொட்டுனதே நான்தான்!"

"கொட்டறப்ப தோழரு. இடிக்கறப்ப கான்ட்ராக்டரு" என்றார் ஓட்டுக்காரர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். என் ஆயுசில் அந்த மூன்று தலையும் சேர்ந்து ஆடியதை அன்றுதான் பார்த்தேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நான் கூலி கொடுத்துக் கூட்டிவந்த இரண்டு ஆளும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் படியிறங்கினார்கள்.

கீழே பாய் வாசற்படியில் நின்றிருந்தார். முகம் பளபளத்தது.

"நீ போ மேஸ்திரி. இவங்க ஒரே பக்கமா நின்னு பாத்து எத்தினி வருசமாச்சு. கெடுக்காத."

"ஒன் தல மேல நிக்கறாங்க பாய்."

"நிக்கட்டும். நின்னாங்கல்ல?"

உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாடியைத் தாங்கச் சவுக்குக்கட்டை முட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனேன். அவர் கதவைத் திறந்தார். "முட்டுக் குடுக்க மூணு கையெழுத்து வேணாமா?" என்று கிண்டல் பண்ணினார். ஆறு முட்டு நிறுத்தினேன். நான் நிறுத்திய முட்டு இதுவரை எங்கேயும் சரிந்ததில்லை. கட்டிலை மட்டும் நாலடி தள்ளிப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். அதற்கு மேல் முடியாது, ஜன்னல் காற்று வராது என்றார்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். இரண்டு நாளாக மழை விடவில்லை. மூன்று கொடியும் நனைந்து, ஒரே உயரத்தில், கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. காலையும் மாலையும் போய்ப் பின்னறைக் கதவைத் தட்டுகிறேன். பாய் திறந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் தோளுக்கு மேலாகக் கண்ணாடியைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்று காலை ஒட்டியது ஐந்தாவது.