ஷட்டரை இறக்கியவர்

2006 தேர்தல் முடிந்த வாரம். மரக்காணம் பஸ்ஸில் கோட்டக்குப்பத்தில் ஏறி, என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர். மருதாணி பூசிய தாடி, அத்தர் வாசனை. பஸ்ஸில் யாராவது அரசாங்கத்தைத் திட்டினால் போதும், சட்டென்று ஷட்டரை இறக்கிவிடுவார். உப்பளம் கண்ணில் படுவதற்குள் நாலு தடவை இறக்கிவிட்டார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

“இங்க யார் வேணா யாரை வேணா திட்டலாங்க. அங்க மாதிரி மன்னராட்சியா நடக்குது?” என்றேன் எரிச்சலோடு.

“தெரியுதுங்க. கைக்குத்தான் தெரியல” என்று சிரித்து, ஷட்டரைத் தூக்கினார்.

அடுத்த நிறுத்தத்தில், ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஊர் ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் ஆட்களோடு நின்றிருந்தார். பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது.

“ஏங்க எல்லாரும் நிறுத்திட்டாங்க?” என்று ஜன்னலோரத்துக்காரர் சத்தமாகவே கேட்டார்.

அவரைத் தாண்டிக் கையை நீட்டி, ஷட்டரை இறக்கினேன்.