கார்புரேட்டரில் ஒரு செம்பு இழை

மலையூரான கட்டபெட்டில் விஜயபாஸ்கரைத் தெரியாதவர்கள்கூட அவனுடைய பயத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் மலையோரத்து சீட்டில்தான் உட்காருவான். அது கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவானே தவிர பள்ளத்துப் பக்கம் உட்கார மாட்டான். மழை நாளில் சுவிட்சைத் தொட மாட்டான். தேயிலைச் செடிக்குள் ஏதாவது அசைந்தால் காட்டெருமை என்று முடிவுகட்டி வந்த வழியே திரும்பிவிடுவான். உள்ளேயிருந்து கொழுந்து பறிக்கும் அம்மா யாராவது நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார். பயந்தவனைக் கேலி செய்வதைப் போல் சுலபமான வேலை வேறு இல்லை, ஊரும் அதைக் குறைவில்லாமல் செய்தது.

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவனுக்கு ஃபிட்டர் வேலை. கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அது தொந்தரவு. பாஸ்கருக்கு அந்த கேட்டைத் தாண்டினால்தான் மூச்சே சீராகும். எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டியிருக்கும் இடம் அது ஒன்றுதான் என்பான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவள் தீபலட்சுமி. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண் பார்க்கப் போன அன்று காப்பித் தட்டோடு வந்து நின்றவள், "எங்கூட ஒரு வண்டியும் வருமுங்க, பரவால்லீங்களா?" என்று கேட்டாள். ஏதோ ஸ்கூட்டர் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டான். கல்யாணம் முடிந்து டெம்போவிலிருந்து இறங்கியது மோட்டோ குஸ்ஸி. இத்தாலிக்கார வண்டி, பாஸ்கர் பிறப்பதற்கு முன்னால் செய்தது. இரண்டு சிலிண்டரும் சிவப்பு டேங்குக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம் முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்பது போலத் துருத்திக்கொண்டிருக்கும். தீபாவின் அப்பா எஸ்டேட் முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி வெளிநாட்டுக்கே போய்விட்டபோது வண்டியை அவரிடம் விட்டுப் போனார், அவர் காலத்துக்குப் பிறகு மகளுக்கு வந்தது.

பாஸ்கர் அதை ஓட்ட மாட்டான். லைசென்ஸ் வைத்திருந்தான், ஓட்டவும் தெரியும், ஆனால் மாட்டான். தீபா பின்னால் ஏறச் சொன்னால் அவனுக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும். ஆனாலும் அந்த வண்டியை அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை. எப்படியும் ஓட்டத்தான் போகிறாள், ஓட்டுகிற வண்டியாவது சரியாக இருக்கட்டும் என்று தொடங்கியது, பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, வால்வுக்கும் அதைத் தட்டும் கைக்கும் நடுவே தகடு விட்டு இடைவெளி பார்ப்பான். தீப்பொறிக்கான பாயிண்ட்டைத் துடைத்து வைப்பான். கடைசியில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர்; இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று வேலை செய்யும், மற்றது சும்மா கூட வரும். அதைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து தீபா கொண்டுவந்த புது சலைன் டியூபைப் பலகையில் வளைத்து அடித்து, எண்ணெய் ஊற்றி வைத்திருந்தான். இரண்டு பக்கமும் எண்ணெய் ஒரே மட்டத்தில் நின்றால் சரி. பக்கத்தில் தீபா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த இரண்டு மணி நேரம் பாஸ்கர் எதற்கும் பயப்பட மாட்டான்.

வினை ஒரு சனிக்கிழமை வந்தது. டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த தீபா, கோத்தகிரி ரோட்டு வளைவில் ஒரு டிப்பர் லாரி நேருக்கு நேர் வந்ததையும், தான் ஆக்ஸிலேட்டரை முறுக்கி இடுக்கில் புகுந்து வெளியே வந்ததையும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அதற்குப் பிறகு பாஸ்கருக்குத் தூக்கம் ஏது.

மறுநாள் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, பழைய ஒயர் ஒன்றை உரித்து, தலைமுடி அளவு செம்பு இழை இரண்டை எடுத்தான். ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் ஒரு பெரிய நட்டு உண்டு. அதைக் கழற்றினால் மெயின் ஜெட், முழு வேகத்துக்குப் பெட்ரோல் போகும் சின்னத் துளை. அந்தத் துளைக்குள் ஆளுக்கொரு இழையைச் சொருகி மடக்கிவிட்டான். பெட்ரோல் குறையும், வண்டி சோர்ந்துபோகும், ஒரு வேகத்துக்கு மேல் போகாது என்பது அவன் கணக்கு. இரண்டு இழையும் ஒரே கனமா என்று பார்த்துத்தான் சொருகினான். திருட்டு வேலையிலும் இரண்டு சிலிண்டருக்கும் ஓரவஞ்சனை செய்யக் கூடாதாம்.

அடுத்த நாள் தீபா வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். "ஏனுங்க, என்னங்க பண்ணுனீங்க? மேட்டுல திணறிக்கிட்டே இருந்துச்சே, இன்னைக்கு அப்படியே பறக்குது. கரும்புகையே இல்லீங்க."

அவனுக்கு விஷயம் புரிய அரை நாள் ஆனது. கட்டபெட்டின் உயரத்தில் காற்று மெலிசு. சமவெளிக்குச் செய்த வண்டி இத்தனை வருஷமாக இங்கே காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோலைக் குடித்துத் திணறிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்க அவன் சொருகிய கம்பி, திணறலைப் போக்கி வேகத்தைக் கூட்டிவிட்டது. எடுத்துவிட்டால் வண்டி பழையபடி திணறும், ஏன் என்று கேட்பாள். சொன்னால் எதற்காக வைத்தாய் என்று கேட்பாள். பேசாமல் பாராட்டை வாங்கிக்கொண்டான். ஒன்று மட்டும் அவனை அரித்தது. மலைக்குக் கீழே காற்று கனம். அங்கே இந்தக் கம்பியோடு முழு வேகத்தில் போனால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். "கீழ போறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும் புள்ள" என்றான். அவன் சொல்லும் நூறு எச்சரிக்கைகளில் இது நூற்றொன்று. அவளும் சரி என்றாள்.

அப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து கேட்டில் போனைத் திரும்ப வாங்கியபோது தீபாவின் குரல் பதிவு ஒன்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வந்திருந்தது. சமவெளியில், கோபியில் இருக்கும் அவள் தங்கை சரிதாவுக்கு மறுநாள் வளைகாப்பு, தீபா பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.

"ஏனுங்க, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல நிக்கறதுக்கே எடமில்லீங்க. வண்டியிலயே போயிர்றேன். சொல்லிட்டுப் போகச் சொன்னீங்கல்ல, சொல்லிட்டேன். குஞ்சப்பனைல டீ குடிச்சிட்டிருக்கேன்."

குஞ்சப்பனை என்றால் பாதி மலை இறங்கியாகிவிட்டது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டருக்கு வேலையில்லை, அதுவரை ஒன்றும் ஆகாது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி சிறுமுகை ரோட்டில் நேராக, காலியாக ரோடு கிடக்குமே, அங்கேதான் முறுக்குவாள். போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இன்னொரு தரம் போட்டான், அதே பதில்.

கூட வேலை செய்யும் நாச்சிமுத்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். பாஸ்கர் போய் ஹேண்டில்பாரைப் பிடித்தான். "அண்ணே, வண்டி வேணும். மேட்டுப்பாளையம் போகணும்."

"நீயா ஓட்டப் போற?" என்று கேட்டவர், அவன் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் இறங்கி ஹெல்மெட்டையும் கழற்றிக் கொடுத்தார்.

அவள் இறங்கியது கோத்தகிரி வழி, இவனுக்குக் குன்னூர் வழி; இரண்டும் மேட்டுப்பாளையத்தில்தான் சேரும். குன்னூரைத் தாண்டியதும் ரோடு கீழே விழ ஆரம்பித்தது. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் கடந்த வளைவுகள் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. பள்ளம் பக்கத்திலேயே கூட வந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபோது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நடுரோட்டில் நின்றான், டிரைவர் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனார். முருகா முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு வளைவிலும் தோன்றியது.

பர்லியாரில் ஓரம் கட்டி மறுபடி போன் போட்டான். இந்த முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மணி அடிக்கிறது என்றால் கீழே இறங்கிவிட்டாள். எடுக்கவில்லை என்றால் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு மணி அடிக்காமலே இருந்திருக்கலாம்.

மெசேஜாவது அனுப்பலாம் என்று 'ஜெட்டில் கம்பி' என்று அடித்தான். மேற்கொண்டு விரல் நகரவில்லை. ஒரு வருஷமாகத் தன்னைப் புகழ்ந்துகொண்டிருக்கும் அந்த முகம் இதைப் படித்தால் என்ன ஆகும் என்று நினைத்தான். அவளைப் பிடித்துவிடலாம், நேரில் ஏதாவது சொல்லிச் சமாளித்துக் கம்பியை எடுத்துவிடலாம். அடித்ததை அழித்துவிட்டு, 'வேகமா ஓட்டாத' என்று அனுப்பினான். அதை அவன் தினமும் அனுப்புவான்.

கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள், மேட்டுப்பாளையம், ரயில்வே கேட் எல்லாம் எப்படிக் கடந்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சிறுமுகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரம் இரண்டு மூன்று பேர் நின்றிருப்பது தெரிந்தது. அவர்கள் காலுக்கு நடுவே சிவப்பு டேங்க் தெரிந்தது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமலே விட்டான், அது பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம்கூடக் காதில் ஏறவில்லை.

தீபா புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். சுடிதாரின் ஒரு கை கிழிந்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றிருந்தது, அதைத் தானே கழுவித் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். பாஸ்கர் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அழுதுவிட்டான். சுற்றி நின்றவர்கள், வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று கலைந்து போனார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு. திடீர்னு டிக்டிக்குன்னு ஒரு சத்தம், அப்படியே புடிச்சுக்கிச்சு. கிளட்சப் புடிச்சதால தப்பிச்சேன். மண்ணுல சரிஞ்சு விழுந்துட்டேன்" என்றாள். அவன் மூச்சு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெட்ரோல்ல தூசி அடைச்சிருக்கும்னு அடி நட்டைக் கழட்டிப் பாத்தனுங்க" என்று நல்ல கையை விரித்தாள். உள்ளங்கையில் செம்பு இழை.

பொய் சொல்ல இடம் இருந்தது. முதலாளி காலத்துக் கம்பி என்று சொல்லியிருக்கலாம். பாஸ்கர் வாயைத் திறந்தான், அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் வெச்சேன். நீ வேகமாப் போறே, எங்கியாவது விழுந்துருவேன்னு பயமா இருந்துச்சு."

"கீழ வந்தா இப்படி ஆகும்னு தெரியுமுங்களா?"

"தெரியும்."

தீபா இழையோடு உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "பெட்ரோல் பங்க்ல உங்க மெசேஜப் பாத்தேன். எப்பவும் அனுப்பறதுதானேன்னு போனை உள்ள வெச்சிட்டேன். கம்பி இருக்குதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா அங்கயே நின்னிருப்பனுங்க."

பர்லியாரில் அடித்து அழித்த வரி அவனுக்கு ஞாபகம் வந்தது.

"நான் விழலீங்க. நீங்க தள்ளிவிட்டீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எழுந்து போய் வண்டியின் மறுபக்கம் குனிந்து இரண்டாவது கார்புரேட்டரின் நட்டில் ஸ்பானரை மாட்டினாள். வலது கை வலித்ததால் இடது கையால் திருப்பினாள், நட்டு அசையவில்லை. பாஸ்கர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினான். "வேண்டாமுங்க" என்றாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு நின்றான். நாலைந்து முறை வழுக்கி, கடைசியில் நட்டு திரும்பியது. இன்னொரு இழையையும் உருவி எடுத்து, இரண்டையும் அவன் சட்டைப்பையில் போட்டாள்.

எஞ்சின் ஆறியிருந்தது. இரண்டு மூன்று முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. ஒரு பக்கம் லேசாகக் கரகரவென்றது, அவனுக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். பிஸ்டன் கீறியிருக்கும், இதோடு கோபி வரை போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பஸ்ஸில் போகலாம் என்றெல்லாம் சொல்ல வாய் வந்தது. எதைச் சொல்லும் தகுதியும் தனக்கு இல்லை என்று அவனுக்கே தெரிந்ததால் சொல்லவில்லை. "மெதுவாத்தான் போவேன்" என்று அவளே சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவன் சாய்ந்து கிடந்த ஸ்கூட்டரை நிமிர்த்தி அதன் மேல் உட்கார்ந்தான். மலைக்குத் திரும்ப மனம் வரவில்லை, பின்னாலேயே போகவும் துணிச்சல் இல்லை. ஓட்டிக்கொண்டிருப்பாள், அழைத்தால் எடுக்கப் பார்ப்பாள் என்று போனைத் தொடாமல் கையிலேயே வைத்திருந்தான். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அவள் போன திசையைப் பார்த்தான். பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தபோது, எடுக்கவே பயமாக இருந்தது.

"சேந்துட்டனுங்க" என்றாள் தீபா. வேறு நாளாக இருந்தால், எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பாள். அவன் காத்திருந்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.