யார் காலுக்கு இந்தப் படி

எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் நான் முதலில் கேட்பது, இது யாருக்கு என்றுதான். பால்காரர் ஊற்றும்போது குனிந்து பார்ப்பவள் நான். புளி வாங்கினால் மூட்டையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். அதனாலேயே கல்வராயன் மலையில் புளியும் பலாவும் வாங்கப் போகும்போது பேரம் என் வேலை, வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர் வேலை என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டோம்.

வண்டி என் அப்பாவுடையது. மூக்கு நீண்ட பழைய ஜீப்பின் பின்பாதியை வெட்டித் தொட்டி வைத்த பிக்கப். என்னைவிட வயதில் மூத்தது. அப்பா போன பிறகு நிலம் அண்ணன்களுக்குப் போனது, எனக்கென்று வந்தது இது ஒன்றுதான். அதில் ஒரு போல்ட் மாறினாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

போன வருடம் ஒரு நாள் அவர் காயலான் கடையிலிருந்து ஏதோ ஒரு லாரியின் பின்பம்பரை வாங்கிவந்து வாசலில் போட்டார்.

"இன்னாத்துக்குங்க இது?"

"பின்னால படி மாதிரி வச்சிக்கலாம். மூட்டை ஏத்துறவங்க ஏற எறங்க வசதியா இருக்கும்."

மலையில் மூட்டை ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியாதா? டயரில் ஒரு கால், தொட்டி விளிம்பில் ஒரு கால், அடுத்த நொடி மேலே நிற்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் படி கேட்டதில்லை. யார் காதில் பூச்சுற்றுகிறார் இவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையோரம் இருக்கும் வெல்டிங் பட்டறைக்கு அவர் கிளம்பியபோது நானும் ஏறி உட்கார்ந்தேன். "வெயில்ல நீ எதுக்கு?" என்றார். சும்மாதான் என்றேன். சும்மா வருகிறவள் இல்லை நான் என்பது அவருக்கும் தெரியும்.

பம்பர் எங்கள் வண்டிக்கு அகலம் ஜாஸ்தி. பட்டறைக்காரர் இரண்டு ஓரத்தையும் வெட்டி எடுத்தார். நடுவில் பள்ளம் எடுத்து, கால் வழுக்காமல் இருக்க வரி போட்ட இரும்புத் தகட்டைப் பதித்தார். வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்ட இரண்டு இரும்புக் கை செய்து, புகைக்குழாயைக் கொஞ்சம் வளைத்து ஒதுக்கினார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உயரம் பார்க்கும்போதுதான் தகராறு. என் வீட்டுக்காரர் காலை வைத்துப் பார்ப்பார், "இன்னும் கீழ எறக்கு" என்பார். பட்டறைக்காரர் ஒட்டியதை அறுத்து இறக்கி ஒட்டுவார். மறுபடியும் கீழே.

"அண்ணே, இதுக்கு மேல எறக்கினா வளைவுல தரையில இடிக்கும். மலைக்குப் போற வண்டிக்கு இது ஆவாது."

"இடிச்சா இடிக்குது. நீ எறக்கு."

சொன்னவர் யார்? சாலையில் சின்ன மேடு வந்தாலும் வண்டியைக் குழந்தை மாதிரி ஏற்றி இறக்குகிறவர். அவர் வாயிலிருந்து இடிச்சா இடிக்குது என்று வந்ததும் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். தரையில் இடித்தாலும் பரவாயில்லை என்றால் இந்த வண்டி இனிமேல் மலை ஏறப்போவதில்லை. யாரோ சமவெளி ஆளுக்குக் கைமாறப்போகிறது. அந்த ஆளுக்குக் கால் அவ்வளவாகத் தூக்க வராது. ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதுபோல அவன் காலுக்கு அளவெடுக்கிறார்கள். கணக்கு எனக்குச் சரியாக வந்துவிட்டது. கடைசியாக ஏறிப் பார்க்கும் நேரத்தில் "நீ போய் டீ சொல்லிட்டு வா" என்று என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது படிமேல் நின்றுகொண்டு தலையாட்டினார், சரியாக இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் கால்கள். பேருந்து நிலையத்தில், உரக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், யார் தாங்கித் தாங்கி நடக்கிறார்கள், யார் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்தேன். ஆள் தானாகவே வீட்டுக்கு வந்தார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்ட ஆட்களை அழைத்துப் போகிற மேஸ்திரி. டிராக்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். வந்ததும் வண்டியின் மூக்கில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனதும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மேஸ்திரி கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னது சன்னல் வழியாக என் காதில் விழுந்தது. "வூட்ல தெரிய வேணாங்க. நானே போன் பண்றேன்."

அன்றைக்கே ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். புத்தகம் இல்லாமல் எப்படி விற்கிறார் பார்க்கலாம். முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம்தான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அப்பா போன அன்றைக்குக்கூட அந்த வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்துத்தான் நான் கொஞ்சம் தெளிந்தேன். இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறாரே என்ற கோபத்தில், சோறு போடும்போது தட்டை நங்கென்று வைத்தேன்.

அடுத்த வாரம் மலைக்குப் போனோம். விற்கப்போகிறவர் எதற்கு வருகிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி ஏறத் தொடங்கியதும் வளைவில் பம்பர் தரையில் உரசியது. காதில் விழாத மாதிரி ஓட்டினார். கியர் மாற்றுவதும் தாமதமாக, எஞ்சின் முனகியபடி ஏறியது. மனசு இங்கே இல்லை, விலை பேசிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊரில் புளி ஏற்றினோம். ஏற்றியவர்கள் வழக்கம்போல டயரை மிதித்துத் தாவினார்கள், படியை ஒருத்தரும் தொடவில்லை. ஏற்றி முடித்து, பலாப்பழம் எடுத்துவர அடுத்த வீட்டுக்குப் போனார்கள். தார்ப்பாய்க்குக் கயிறு கட்ட அவர் பின்னால் போனார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுதானே என் வேலை.

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். வலது காலைப் படியில் வைத்து, பின்கதவைப் பிடித்துக்கொண்டு எம்பினார். இடது கால் கூடவே எழும்பவில்லை. ஒரு கையால் பேன்ட்டைக் கொத்தாகப் பிடித்து, அந்தக் காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

கிளட்ச் மிதிக்கிற கால் அது. அத்தனை வளைவையும் அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் ஏறி வந்திருக்கிறோம்.

இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். "எப்பலேந்து?"

"ரெண்டு மூணு மாசமா மரத்துப்போன மாதிரி இருக்குது."

"அந்த மேஸ்திரி?"

"அவருக்குக் கால் பாத்த டாக்டர் யாருன்னு விசாரிச்சேன். சேலத்துலயாம்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொன்னா வண்டிய வித்துடலாம்னு சொல்லுவ. உனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

ஊரில் உள்ளவர் காலையெல்லாம் பார்த்தவள், பக்கத்தில் படுத்திருந்த காலைப் பார்க்கவில்லை. அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, அவர்மேலா என்மேலா என்று தெரியவில்லை. பலாப்பழத்தோடு திரும்பியவர்களில் ஒருவன் மலையில் ஜீப் ஓட்டுகிறவன். அவனிடம் சாவியைக் கொடுத்து, கீழே வரைக்கும் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் ஓரத்தில் ஏறிக்கொள்ள, நான் நடுவில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு சேலம் போயி காலைக் காட்டலாம்," என்றேன் மெதுவாக. "திரும்பி வந்து வண்டிய வித்துடலாம். புத்தகம் அரிசி டிரம்முல இருக்குது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது ஏன் டிரம்முக்குள் போனது என்று கேட்கவில்லை.

வளைவில் பம்பர் மறுபடியும் இடித்தது. ஓட்டுகிறவன் முகம் சுளித்தான். "இன்னாக்கா இது, இவ்ளோ கீழ எவனாச்சும் படி வைப்பானா?"

"எங்க வூட்டுக்காரர் காலுக்கு அளந்து வச்சதுப்பா," என்றேன். "நீ ரோட்டப் பாத்து ஓட்டு."